மச்சினனுக்கு முந்தி விற்றவன்

என் பேச்சைக் கேட்டு ஒரு ஃபண்டை வாங்கியவருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், என் கையில் இருந்ததை மட்டும் முதலில் விற்றுவிட்டேன். அதுவும் பதறிப்போய், அடிமாட்டு விலைக்கு. பிறகு அதே மனிதர் எனக்கு நன்றி சொன்னபோது, கூசாமல் அதையும் வாங்கிக்கொண்டேன். நான் ஒப்புக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான். எப்படி நடந்தது, எந்த அறியாமையால் நடந்தது, உங்களுக்கு வந்தால் என்ன செய்யலாம் என்பதை இனிச் சொல்கிறேன்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ‘பேங்க்ல இருந்தவரு, அவரைக் கேளு’ என்பது எங்கள் சொந்தத்தில் வழக்கம். எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் யாராவது ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். எஃப்.டி. போடலாமா, தங்கம் வாங்கலாமா, சீட்டு நம்பிக்கையானதா என்று ஆரம்பிப்பார். அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. என் வேலையெல்லாம் கடன் பிரிவில்தான். பங்குச் சந்தை எனக்குப் பத்திரிகை படித்துத் தெரிந்த அளவுக்குத்தான் தெரியும். ஆனால் ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னால் நாற்காலி வேறு பக்கம் போய்விடுமே என்ற பயத்தில், தெரிந்தது தெரியாதது எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் இ.டி.எஃப். பற்றியும் பேச ஆரம்பித்தேன். பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கக்கூடிய மியூச்சுவல் ஃபண்ட் அது. இந்தியாவில் முதலில் வந்தது நிஃப்டி பீஸ். 2001-ஆம் ஆண்டின் கடைசியில் பெஞ்ச்மார்க் நிறுவனம் கொண்டுவந்தது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பே 2015 ஆகஸ்டிலிருந்து இ.டி.எஃப். வழியாகத்தான் பங்குகளில் பணம் போடுகிறது. செலவு விகிதம் குறைவு, எதில் பணம் இருக்கிறது என்பது தினமும் தெரியும். சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் நான் வாங்கியது நிஃப்டி பீஸ் மாதிரி ஒன்று இல்லை. அந்தச் சமயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த ஒரு துறையின் பங்குகளை மட்டும் வைத்திருந்த புதிய இ.டி.எஃப். அது. ஃபண்டின் பெயரோ நடத்திய நிறுவனத்தின் பெயரோ இங்கே தேவையில்லை.

ஏன் வாங்கினேன்? விளம்பரத்தில் ஒரு கோடு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. அந்த ஃபண்ட் பின்பற்றிய குறியீட்டெண்ணையே சமீபத்தில்தான் உருவாக்கியிருந்தார்கள் என்பதையும், பழைய ஆண்டுகளின் ஏற்றமெல்லாம் பின்னோக்கிக் கணக்குப் போட்டு வரைந்தது என்பதையும் கீழே சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் படிக்கவில்லை. ஃபண்டிடம் மொத்தம் எவ்வளவு பணம் இருக்கிறது என்று பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் கைமாறுகிறது என்றும் பார்க்கவில்லை. கடன் கேட்டு வருபவரிடம் மூன்று வருட பேலன்ஸ் ஷீட் கேட்டு நச்சரித்த ஆள் நான். என் சொந்தப் பணத்தைப் போடும்போது ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

முதலில் சொன்ன அந்த மனிதர் என் மச்சினன். விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்குப் பார்க்கிறார். மகள் படிப்புக்கென்று சேர்த்து வைத்திருந்ததில் ஒரு பகுதியை எதில் போடலாம் என்று கேட்டார். இந்த இ.டி.எஃப்.பைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. “அவசரம்னா வித்துக்கலாமா அத்தான்?” நான் சொன்ன பதில்: “நிமிஷத்துல வித்துடலாம் மாப்ளே. பங்கு மாதிரிதானே!” அவர் கேட்டது சரியான கேள்வி. நான்தான் பதில் தெரியாமல் பதில் சொன்னேன்.

விற்க வேண்டுமென்றால் வாங்க ஆள் வேண்டும். சாதாரண மியூச்சுவல் ஃபண்டில் நாம் யூனிட்டைத் திருப்பிக் கொடுத்தால் ஃபண்ட் நிறுவனமே அன்றைய என்.ஏ.வி. (ஒரு யூனிட்டின் நிகரச் சொத்து மதிப்பு) விலையில் பணம் தந்துவிடும். இ.டி.எஃப்.பில் அப்படி இல்லை. சந்தையில் இன்னொருவர் வாங்க வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு இ.டி.எஃப்.புக்கும் குறைந்தது இரண்டு மார்க்கெட் மேக்கர்கள் இருக்க வேண்டும் என்று சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதித்திருக்கிறது. விலை என்.ஏ.வி.யைவிட இறங்கினால் அவர்கள் சந்தையில் யூனிட்டை வாங்கி, மொத்தமாக ஃபண்ட் நிறுவனத்திடம் கொடுத்து, அடியில் உள்ள பங்குகளையோ பணத்தையோ பெறுவார்கள். விலை ஏறினால் இதற்கு நேர்மாறு. இந்த ஓட்டம் நடக்கும்வரை விலையும் என்.ஏ.வி.யும் அருகருகே இருக்கும். பெரிய இ.டி.எஃப்.களில் போட்டி அதிகம். ஓட்டம் தடையில்லாமல் நடக்கும். நான் வாங்கியது போன்ற சின்ன இ.டி.எஃப்.பில் வாங்கும் பக்கத்துப் பட்டியல் காலியாகவே கிடக்கும்.

நம்மைப் போன்றவர்கள் ஃபண்ட் நிறுவனத்திடமே நேரே போய் யூனிட்டைக் கொடுக்க முடியாதா? சாதாரண நாட்களில் முடியாது. 25 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தால்தான் நேரடி வழி. ஆனால் சிறிய முதலீட்டாளருக்கென்று செபி ஒரு பின்வாசலும் வைத்திருக்கிறது. இ.டி.எஃப்.பின் முடிவு விலை என்.ஏ.வி.யைவிட 1 சதவீதத்துக்கு மேல் குறைவாகத் தொடர்ந்து 7 வர்த்தக நாட்கள் இருந்தாலோ, தொடர்ந்து 3 நாட்கள் சந்தையில் விலைக் கோரிக்கையே இல்லாவிட்டாலோ, வாங்க முன்வருபவர்களின் அளவு 7 நாள் சராசரியில் ஒரு ‘கிரியேஷன் யூனிட்’டின் (ஃபண்ட் நிறுவனம் ஒரே தொகுதியாக உருவாக்கும் யூனிட்களின் எண்ணிக்கை) பாதிக்கும் கீழே போனாலோ, சாதாரண முதலீட்டாளரும் நேரே ஃபண்ட் நிறுவனத்திடம் விற்கலாம். வெளியேறும் கட்டணம் கிடையாது. இந்த நிலை வந்தால் நிறுவனம் அதைத் தன் இணையதளத்தில் போட வேண்டும்.

என் இ.டி.எஃப். மூடப்படுவதற்கு முன்பே மாதக்கணக்கில் தள்ளுபடி விலையில்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பின்வாசல் திறந்திருந்த நாட்கள் நிச்சயம் இருந்திருக்கும். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ‘நல்ல பங்குகளை மலிவாக வாங்குகிறோம்’ என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டேன்.

பிறகு அறிவிப்பு வந்தது. போதிய முதலீடு சேராததால் திட்டத்தை மூட டிரஸ்டிகள் முடிவு செய்திருப்பதாகவும், யூனிட்தாரர்களின் ஒப்புதலுக்கு இணையவழி வாக்கெடுப்பு நடக்கும் என்றும், குறிப்பிட்ட நாளில் டீமேட் கணக்கில் யூனிட் வைத்திருப்பவர்களுக்குப் பங்குகளை விற்று, செலவு போக மீதியை வங்கிக் கணக்கில் செலுத்துவதாகவும் எழுதியிருந்தது. நான் ‘மூட’ என்ற சொல்லோடு நிறுத்திவிட்டேன். அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை.

எனக்கு அந்த நேரத்தில் மனதில் ஓடியதெல்லாம் வங்கிக்காரனின் பயம். 2019 செப்டம்பரில் பி.எம்.சி. கூட்டுறவு வங்கியில் கணக்குக்கு 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டபோது கிளைகளின் வாசலில் நின்ற முதியவர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன. அடுத்து 2020 ஏப்ரல் 23. ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் பத்திரத் திட்டங்களை ஒரே இரவில் நிறுத்தி, சுமார் 25,000 கோடி ரூபாய் முடங்கிய நாள். இரண்டும் சேர்ந்து என்னை உலுக்கின. இரண்டுமே என் நிலைக்குப் பொருந்தாது என்பதை யோசிக்கும் நிதானம் எனக்கு இல்லை. வங்கியில் போடும் பணம் வங்கி நமக்குத் தர வேண்டிய கடன். வங்கி விழுந்தால் கடனும் ஆட்டம் காணும். ஃபண்டில் இருக்கும் பங்குகள் ஃபண்ட் நிறுவனத்தின் சொத்தே இல்லை. டிரஸ்டின் பெயரில், கஸ்டோடியனிடம் தனியே இருக்கின்றன. ஃபிராங்க்ளின் திட்டங்களில் சிக்கல், அவசரத்துக்கு யாரும் வாங்காத கடன் பத்திரங்கள். என் ஃபண்டில் இருந்தவை தினமும் சந்தையில் கோடிக்கணக்கில் கைமாறும் பங்குகள். இத்தனைக்கும் அந்த ஃபிராங்க்ளின் திட்டங்களிலேயே, காலதாமதமானாலும், மூடிய நாளில் இருந்த மொத்த மதிப்பைவிடக் கூடுதலாகவே முதலீட்டாளர்களுக்குத் திரும்பிவந்தது. அந்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2021-இல், டிரஸ்டிகள் ஒரு திட்டத்தை மூட யூனிட்தாரர்களின் பெரும்பான்மை ஒப்புதல் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. எனக்கு வந்த வாக்குச்சீட்டு அந்தத் தீர்ப்பின் பலன். அதைக்கூட நான் திறந்து பார்க்கவில்லை.

அன்று பிற்பகல் செய்ததைச் சொல்கிறேன். செல்போனில் ஆர்டர் திரையைத் திறந்தேன். என்.ஏ.வி. 62 ரூபாய்க்குச் சற்று மேல். வாங்கும் பக்கத்தில் ஐந்து வரிகள். 60.10-க்கு 35 யூனிட். 59.40-க்கு 120. 58-க்கு 20. கீழே 55.50-க்கு 2,000 யூனிட் என்று ஒருவர் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். நான் 61 என்று போட்டேன், போகவில்லை. 60 என்று குறைத்தேன். அந்த 35 யூனிட் மட்டும் போயிற்று. இன்னும் குறைத்தேன். ஒவ்வொரு முறை நான் இறங்கும்போதும் மற்ற வரிகளும் இறங்கின. கடைசியில் 55.50-க்காரரிடமே மொத்தத்தையும் கொட்டினேன். அறிவிப்பு வெளியானதும் ஃபண்ட் நிறுவனம் புது யூனிட் உருவாக்குவதும் பழையதைத் திரும்பப் பெறுவதும் நின்றுவிடும். அதனால் விலையைத் தூக்கி நிறுத்த மார்க்கெட் மேக்கருக்கும் வழி இருக்காது. இது எனக்குப் பிறகுதான் புரிந்தது. 55.50-க்கு உட்கார்ந்திருந்தவருக்கு அப்போதே புரிந்திருந்தது. அவர் அறிவிப்பைக் கடைசிவரை படித்தவர், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது முட்டாள்தனம். அதற்கு மன்னிப்பு உண்டு. இனிச் சொல்லப்போவதற்கு உண்டா என்று தெரியவில்லை.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம் முழுக்க மச்சினனின் ஞாபகம் இருந்தது. போன் கைக்குள்ளேயே இருந்தது. ‘மண்டி நேரம், தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ‘முழு விவரம் தெரிந்துகொண்டு சொல்லலாம்’ என்றும் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. வாங்குகிறவர் பட்டியலில் இருந்ததே கொஞ்சம் யூனிட். அவரும் விற்க வந்தால் என் விலை இன்னும் இறங்கும். நான் வெளியே வந்த பிறகு அவர் வரட்டும் என்று நினைத்தேன். மகள் படிப்புக்கு வைத்திருந்த பணம் என்று தெரிந்தும் நினைத்தேன். விற்று முடித்த பிறகாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், ‘நீங்க எப்ப வித்தீங்க அத்தான்?’ என்று கேட்பாரே! அதனால் அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

அவர் தன் கணக்கைத் திறந்து பார்க்கும் பழக்கம் இல்லாதவர். அறிவிப்பு அவர் மின்னஞ்சலில் படிக்கப்படாமல் கிடந்தது. வாக்கெடுப்பு முடிந்தது, திட்டம் மூடப்பட்டது, ஒருநாள் அவர் வங்கிக் கணக்கில் பணம் வந்து விழுந்தது: யூனிட்டுக்கு 61 ரூபாய் சொச்சம். என்னைவிடப் பத்து சதவீதம் அதிகம். அடுத்த விசேஷத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “அத்தான் சொன்ன ஃபண்ட மூடிட்டாங்க. ஆனா பைசா சுத்தமா கணக்குல வந்துருச்சு. அத்தான் சொன்னா சரியா இருக்கும்.” நான் சிரித்துக்கொண்டு, “பதறக் கூடாது மாப்ளே, பொறுமை வேணும்” என்றேன். எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது.

இதன் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். ஃபண்ட் நிறுவனம் கைமாறுவதும் ஃபண்ட் மூடப்படுவதும் வேறு வேறு. நிஃப்டி பீஸையே பாருங்கள். பெஞ்ச்மார்க் நிறுவனத்தை 2011-இல் கோல்ட்மேன் சாக்ஸ் வாங்கியது. அதை ரிலையன்ஸ் வாங்குவதாக 2015-இல் அறிவித்தது. 2019-இல் அது நிப்பான் இந்தியா ஆனது. பெயர்ப்பலகை மூன்று முறை மாறியும் அந்த இ.டி.எஃப். நடந்துகொண்டே இருக்கிறது. சில இ.டி.எஃப்.கள் முடிவதற்கென்றே பிறக்கின்றன. பாரத் பாண்ட் வரிசையில் 2023 ஏப்ரலில் முடியும் என்று சொன்னது அந்த மாதமே முதிர்ந்து பணத்தைக் கொடுத்தது. அமெரிக்காவில் இ.டி.எஃப். மூடுவது அன்றாடச் செய்தி. சில ஆண்டுகளில் இருநூறுக்கும் மேல் மூடுகிறார்கள். சில வாரம் முன்னதாக அறிவிப்பு, கடைசி வர்த்தக நாள், பிறகு என்.ஏ.வி. அடிப்படையில் பணம். பெரும்பாலும் இவ்வளவுதான்.

மூடுவது பணத்தையே விழுங்கும் இடங்களும் உண்டு. அமெரிக்கச் சந்தையின் பதற்றத்தை அளக்கும் விக்ஸ் குறியீடு குறையும் என்று பந்தயம் கட்டிய எக்ஸ்.ஐ.வி. 2018 பிப்ரவரி 5 அன்று ஒரே நாளில் தன் மதிப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் இழந்து, அந்த மாதமே மூடப்பட்டது. அது இ.டி.எஃப். கூட இல்லை, இ.டி.என்.; கிரெடிட் சுவிஸ் வங்கியின் கடன் பத்திரம். உக்ரைன் போர் தொடங்கியதும் 2022 மார்ச்சில் அமெரிக்காவில் பட்டியலிட்டிருந்த ரஷ்யப் பங்கு இ.டி.எஃப்.களில் வர்த்தகம் நின்றது. அடியில் இருந்த பங்குகளையே விற்க வழியில்லாததால் அவற்றின் மதிப்பு ஏறக்குறைய பூஜ்யமாக எழுதப்பட்டது. ஆகவே மூடும் அறிவிப்பு வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘உள்ளே என்ன இருக்கிறது, அதை விற்க முடியுமா?’ என்பதுதான். விற்க முடிகிற பொருள் என்றால் பதற வேண்டியதில்லை.

அடுத்தது கணக்கு. சந்தை விலை என்.ஏ.வி.யைவிட எவ்வளவு கீழே? பணம் வர எத்தனை வாரம்? அதற்குள் சந்தை இறங்கும் அபாயத்தை ஏற்க முடியுமா? தள்ளுபடி அரை சதவீதம் என்றால் விற்றுவிட்டு அதே குறியீட்டைப் பின்பற்றும் வேறு ஃபண்டுக்கு மாறலாம். ஐந்து, பத்து சதவீதம் என்றால் காத்திருப்பதே லாபம். விற்பதானால் வர்த்தக நேரத்தில் திரையில் ஓடும் ஐ.என்.ஏ.வி.யை (அந்த நேரத்து என்.ஏ.வி. மதிப்பீடு) பார்த்து, அதை ஒட்டிய விலையில் லிமிட் ஆர்டர் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். என்னைப் போல விலைக்குப் பின்னால் ஓடாதீர்கள். வரியையும் பாருங்கள். மூடும்போது வரும் பணமும் விற்றதாகவே கணக்கு. பங்கு சார்ந்த ஃபண்டில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம், அதற்குள் என்றால் 20 சதவீதம். இது 2024 ஜூலை 23 முதல் உள்ள விகிதம். டீமேட்டில் உள்ள வங்கிக் கணக்கு, செல்போன் எண், நாமினி மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பணம் வருவது அந்த வழியில்தான்.

இதைவிட முக்கியம் வாங்குவதற்கு முன் பார்ப்பது. ஃபண்டின் மொத்தச் சொத்து எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை ரூபாய்க்கு வர்த்தகம், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி எவ்வளவு, கடந்த மாதங்களில் என்.ஏ.வி.யோடு ஒட்டி நடந்ததா. பகல் நேரத்தில் ஆர்டர் திரையைத் திறந்து அந்த ஐந்து வரிகளைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அங்கே ஆள் இல்லையென்றால், அதே குறியீட்டில் சாதாரண இண்டெக்ஸ் ஃபண்ட் இருக்கிறதா என்று தேடுங்கள். செலவு சற்றுக் கூடும். ஆனால் வெளியே வர இன்னொருவரின் தயவு தேவையில்லை. படிப்புக்கோ கல்யாணத்துக்கோ வைத்த பணத்தை, நேற்று ஆரம்பித்த துறை இ.டி.எஃப்.பில் போடவே போடாதீர்கள்.

இதை அச்சுக்கு அனுப்பும் முன் விருதுநகருக்குப் போய் மச்சினனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மண்டியில ஒருத்தன் கூட்டாளிக்குச் சொல்லாம சரக்கை இறக்கி வித்தான்னா, மறுநாள் அவன் தெருவுக்குள்ள வர முடியாது அத்தான்” என்றார். பிறகு சாப்பிடக் கூப்பிட்டார். என் மீதான தீர்ப்பு அதுதான். நான் மேல்முறையீடு செய்யப்போவதில்லை.

உங்கள் பேச்சைக் கேட்டு யாராவது எதிலாவது பணம் போட்டிருக்கிறார்களா? அந்த ஃபண்டைப் பற்றிக் கெட்ட செய்தி வந்தால், உங்கள் ஆர்டரைப் போடும் முன் அவருக்கு போன் போடுங்கள். அதைச் செய்ய மனம் வராது என்று தோன்றினால், யாருக்கும் யோசனை சொல்லாதீர்கள்.